அறுநூறு சதுர அடி

கன்னங்குறிச்சி நர்சரியிலிருந்து
பாய் பாயாகச் சுருட்டி வந்தது பச்சை.
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதில்
நாலு பாய் ஓரம் உதிர்ந்திருந்தது.
கொரியன் புல் என்றான் விற்றவன்.
குளிர் ஊர்தானே மேடம், ஒண்ணும் கேக்காது என்றான்.
நானும் ரசீது மட்டும்தான் கேட்டேன்.

முப்பத்தொரு வருடம் சேலத்தில்
வீட்டு வீட்டுக்கு மீட்டர் கணக்கு எடுத்தவள்.
செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை,
நாய் இருக்கும் வீடு, நாயைவிடக் குரைக்கும் வீடு.
ஃபேர்லேண்ட்ஸில் ஒரே ஒரு வீட்டில்
மீட்டர் பெட்டிக்குப் புல்லைத் தாண்டிப் போக வேண்டும்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன்.
அங்கே மட்டும்
எண்ணை இரண்டு தரம் சரிபார்ப்பேன்.

மஞ்சக்குட்டையில் இடம் வாங்கி
வீட்டுக்கு முன்பே வரைந்தேன்
இருபதுக்கு முப்பது என்று ஒரு கட்டம்.

மாசி வரை பனி பார்த்துக்கொண்டது.
பங்குனியில் போர்வெல்
இரண்டு வாளி சேறு, பிறகு வெறும் காற்று.
சில்வர் ஓக் இலை கொட்டும் சத்தம்
மழை என்று நினைத்து
இரண்டு முறை ஜன்னலைத் திறந்தேன்.

பூபாலனின் டேங்கர்: ஆறாயிரம் லிட்டர்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
குடிக்கவா அக்கா என்றான்.
ஆமாம் என்றேன்.
அவன் குழாயை நீட்டியபோது
கீழ்த்தெருவில் குடங்கள் வரிசையில் நின்றன,
ஆட்கள் பலா நிழலில்.
ஒரு நீலக் குடத்தில் வெள்ளை பெயிண்டில் 'ச'.
சடச்சியுடையது. என் பாத்திரங்களைக் கழுவிவிட்டுப் போய்
நாலு நாளைக்கு ஒரு தரம் அங்கே நிற்பாள்.
அன்று கேட்டை உள்பக்கமாகத் தாழிட்டேன்.

வெட்டாமல் உயரமாக விட்டேன்,
தன் நிழலில் தானே நிற்கட்டும் என்று.
விடியலில் தெளித்தேன். அரிசி கழுவியது, குளித்தது,
எதையும் விடவில்லை.
அவசரத்தில் யூரியா கொட்டிய இடம்
வாணலி அளவுக்குக் கருகி, இன்றும் அப்படியே.

நடுவே எங்கிருந்தோ அருகு நுழையும்.
தினமும் பழைய ஸ்க்ரூ டிரைவரால் கெல்லி எடுப்பேன்.
அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்த அன்றும்
ஒரு கூடை எறிந்தேன் மதிலுக்கு வெளியே.
கை கழுவாமல் பிரித்துப் படித்தேன்:
ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி.
நகக்கண்ணில் செம்மண்.
சடச்சியின் ஆடு வெளியே
வாழ்த்தைத் தின்றுகொண்டிருந்தது.

சித்திரை முடிவில் ஒரு ராத்திரி
பெருமூச்சு கேட்டு விளக்கைப் போட்டேன்.
காட்டுமாடு. ஒற்றை.
முட்டிவரை வெள்ளை உறை போட்ட கால்கள்.
மதிலின் தாழ்ந்த பக்கத்தைத் தள்ளிவிட்டு
ஆயிரத்து எண்ணூறு ரூபாயை
நிதானமாக மென்றது.
என்னைப் பார்த்தது. பில் கேட்கும் பார்வை இல்லை.
விடிய விடிய நின்று, சாணி போட்டுவிட்டுப் போனது.

காலையில் பழக்கதோஷம்:
குளம்புத் தடங்களை எண்ணினேன். நூற்றுப் பதினேழு.
இரண்டாம் முறை எண்ணியதில் நூற்றுப் பத்தொன்பது.

மறுநாள் கால் மணி நேரக் கோடை மழை.
தரையெல்லாம் வழிந்து ரோட்டுக்கு ஓடியது.
தடங்களில் மட்டும் நின்றது,
ஆளுக்கு ஒரு கிண்ணம்.

எட்டு நாள் கழித்து அந்தக் கிண்ணங்களில்தான்
ஊசி ஊசியாக முளைத்தது.
கொரியன் இல்லை.
ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தவள்
முதுகு வலிக்கும்வரை அப்படியே இருந்தேன்.
எழுந்து செருப்பைக் கழற்றி நடந்து பார்த்தேன்.
குத்துகிறது.
ஃபேர்லேண்ட்ஸ் மாதிரி இல்லவே இல்லை.

கேட்டில் ஹார்ன்.
இன்றைக்கு வேண்டாம் பூபாலா என்றேன்.
எட்டிப் பார்த்தான் தரையை,
பிறகு என் வெறுங்காலை.
குடிக்கக்கூட வேண்டாமா அக்கா என்றான்.